விட்டுப்போன ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பிடிக்காதீர்கள்

வசந்தம் பாதியைத் தாண்டினால் போதும், என் பிசியோதெரபி அறைக்கு ஒரே கதை வேறு வேறு கால்களில் வரத் தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை ஓடியிருக்க வேண்டும், கொட்டு மழை. வியாழக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. சனிக்கிழமை குளிரும் எதிர்காற்றும். ஞாயிறு பார்த்தால் பளிச்சென்று வெயில். உடனே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பி, வாரம் முழுக்க விட்டதை ஒரே காலையில் ஓடித் தீர்த்துவிடுகிறார்கள். ஓரிரு வாரம் கழித்து நொண்டிக்கொண்டே என்னிடம் வருகிறார்கள்.

அண்மையில் வந்தவரும் அப்படித்தான். இரண்டு சின்னப் பிள்ளைகளின் அப்பா, கோடைக்கு முன் ஒரு அரை மாரத்தான் ஓட ஆசை. படுக்கையில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் எரிச்சல்பட்டிருந்தால், ஒரு சாண் நீளத்துக்கு அங்கங்கே வலிக்கிறது என்பார்கள். இவருக்கு மேலே ஒன்றுமில்லை, நடுவிலும் ஒன்றுமில்லை. கீழே வந்தபோது, ஒரு நாணயம் அளவுள்ள இடத்தில் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அந்தக் காலால் மட்டும் ஒரு தடவை குதிக்கச் சொன்னேன். குதிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் மெல்லிய விரிசல், அதாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று எம்.ஆர்.ஐ. உறுதி செய்தது. “எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே” என்றார். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நம்பித் தொடர்ந்து ஓடியவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மழையால் அவர் விட்டது சில ஓட்டங்கள். அதைப் பிடிக்கப்போய் இப்போது ஓட்டமே இல்லாமல் வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது.

வருகிற எல்லோரும் ஷூவைத்தான் பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். “இந்த ஷூவாலதானா?” என்று கேட்கிறார்கள். நான் போனைக் கேட்கிறேன். ஓட்டச் செயலியைத் திறந்து கடைசி ஆறு வாரத்தைக் காட்டச் சொன்னால், பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும்: நாலைந்து நாள் வெற்றுக் கட்டம், அதற்கடுத்து வானளாவிய ஒரு கோடு.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பயிற்சி அட்டவணையில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை எப்படியாவது ஓடி முடித்தாக வேண்டும், ஒரு நாள் விட்டால் இன்னொரு நாள் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. சரியாகாது. ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஓட்டம் என்றதும் அந்த அறிவு எங்கே போகிறது?

உங்கள் எலும்புக்கு அட்டவணை தெரியாது. இன்று அதன்மீது எவ்வளவு சுமை விழுந்தது, அண்மையில் எவ்வளவு பழகியிருந்தது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். மூச்சு வாங்காது, “இன்னும் அஞ்சு கிலோமீட்டர் போகலாமே” என்று தோன்றும். எலும்பும் தசைநாணும் அப்படி இல்லை. சுமை கூடும்போது எலும்பு முதலில் சேதமான பகுதியை அரித்து அப்புறப்படுத்துகிறது, அதன்பிறகே புதிதாகக் கட்டுகிறது. முழுச் சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். அரித்து முடித்து இன்னும் கட்டாத இடைவெளியில் அது முன்பைவிட மெலிந்தே இருக்கும். மூச்சு கொடுக்கிற தைரியத்தை நம்பி அந்த நேரத்தில் எலும்பின்மேல் ஏறி மிதிக்கிறீர்கள்.

2025-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட, ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டியவர்களிடம் காயம் தெளிவாக அதிகரித்தது. இரண்டு மடங்குக்கு மேல் ஓடியவர்களிடம் காய விகிதமும் இரண்டு மடங்கைத் தாண்டியது. வாரத்துக்கு வாரம் மொத்தக் கிலோமீட்டர் ஏறி இறங்கியதற்கும் காயத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. “வாரக் கணக்கு பார்த்தா பத்து பர்சென்ட்தான் சார் கூட்டினேன்” என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வார மொத்தம் ஒழுங்காக இருக்கும், ஆனால் அதில் பாதிக்கு மேல் ஞாயிறு ஒரே நாளில் ஓடியதாக இருக்கும்.

சரி, விட்டால் என்னதான் நஷ்டம்? நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. நன்கு பயிற்சி பெற்றவர்கள் ஓட்டத்தை அடியோடு நிறுத்தினாலும் முதல் பத்து நாளில் பெரிதாக எதுவும் குறைவதில்லை. இரண்டு, மூன்று வாரத்தில் உடலின் அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு 7 சதவீதம் போலக் குறைகிறது. 1981-இல் வெளியான ஒரு பரிசோதனை இன்னும் ஆறுதலானது. வாரம் 6 நாள் கடுமையாகப் பயிற்சி செய்துவந்தவர்களைச் சரிபாதிக்கும் கீழே, வாரம் 2 நாளுக்குக் குறைத்தார்கள். 15 வாரம் ஆகியும் அந்த அளவு இறங்கவில்லை. ஒரே நிபந்தனை, அந்த இரண்டு நாளும் பழைய வேகம் குறையக் கூடாது. பின்னால் வேகத்தைக் குறைத்துப் பார்த்தபோது அந்த அளவு இறங்கிவிட்டது.

கைக்குழந்தையும் அலுவலகமும் மாறிக்கொண்டே இருக்கும் வானமும் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. வாரத்தில் இரண்டு ஓட்டங்களை மட்டும் விடக்கூடாதவை என்று வைத்துக்கொள்ளுங்கள்: மூச்சு வாங்கும் குறுகிய வேக ஓட்டம் ஒன்று, வாரத்திலேயே நீண்ட ஓட்டமான லாங் ரன் ஒன்று. மீதி எல்லாம் கிடைத்தால் ஓடலாம், கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். இந்த இரண்டுக்கும் எந்த நாள் என்பதை வாரம் தொடங்கும் முன்பே வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, வீட்டில் இருப்பவரோடு சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சேர்ந்து என்றால் சேர்ந்துதான். முதல்நாள் ராத்திரி பத்து மணிக்கு “நாளைக்குக் காலைல நான் ஓடப் போறேன்” என்று அறிவிப்பது திட்டமிடுவது ஆகாது. உங்கள் லாங் ரன் நடக்கும் இரண்டு மணி நேரமும் வீட்டில் ஒருவர் தனியாகப் பிள்ளைகளைச் சமாளிக்கிறார். திரும்பி வந்து சோபாவில் சாய்ந்துவிட்டால் அது இரண்டு மணி நேரம் இல்லை, அரை நாள். அவருக்கும் வாரத்தில் அதே அளவு நேரம் கைக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். என் முன்னால் கணவனும் மனைவியும் இந்த விஷயத்துக்காகச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலியைவிட அதைச் சரிசெய்யத்தான் நாளாகும்.

லாங் ரன் நாளில் இடி இடித்தால் இரண்டு நாளுக்குள் வேறொரு நாளுக்கு மாற்றுங்கள். முடியவில்லையா, அந்த வாரம் போகட்டும். ஒரு வாரம் முழுதாக விட்டுப்போனால் அட்டவணையில் இன்றைய தேதிக்கு வாருங்கள், ஆனால் தூரத்தை மேலே சொன்ன 30 நாள் கணக்குக்குள் வையுங்கள். இரண்டு வாரம் போனால் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

வீட்டில் தொற்று வந்தால் கதை வேறு. பிள்ளையின் காய்ச்சல் உங்களுக்கும் ஒட்டிக்கொண்டால், காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இதில் எது இருந்தாலும் ஓடவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக ஓடுவது இதயத் தசை அழற்சியில் கொண்டுபோய் விடலாம். “வியர்த்தால் காய்ச்சல் இறங்கிடும்” என்று தயவுசெய்து யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். தேறிய பிறகு ஓடும்போது நெஞ்சு வலி, படபடப்பு, காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நின்று, நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

தூக்கமில்லாத ராத்திரிக்கு மறுநாள் காலை, வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இன்டர்வல் பயிற்சி வேண்டாம். மெதுவாக அரை மணி நேரம் ஓடுங்கள், அல்லது படுத்துத் தூங்குங்கள். தூங்குவதைத்தான் நான் விரும்புவேன்.

குழந்தையை ஓட்டத்துக்கான தள்ளுவண்டியில் வைத்து ஓடுகிறவர்கள், கழுத்து நன்றாக நிற்கும் வரை பொறுத்திருங்கள். குறைந்தது ஆறு மாதமாவது ஆகட்டும், குழந்தை மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாதாரண வண்டியில் ஓடாதீர்கள். முன்சக்கரத்தைப் பூட்டி, கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். இன்னொன்று, உங்களுக்கு வியர்க்கிறது என்பதால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் குளிரவில்லை என்று ஆகிவிடாது. மழைக்குப் பயந்து வீட்டில் டிரெட்மில் வாங்கியவர்கள் ஓடி முடித்ததும் பாதுகாப்புச் சாவியை உருவி உயரத்தில் வையுங்கள். ஓடும் பட்டையில் சிக்கிய பிஞ்சு விரல்களின் தோல் உரசியே எரிந்துபோகும். தோல் ஒட்டு வைக்கும் அளவுக்குப் போவதும் உண்டு.

பிரசவம் முடிந்த அம்மாக்களுக்கு: 2019-இல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்ட்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், ஓட்டத்துக்குத் திரும்ப குறைந்தது மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறது. மூன்று மாதம் ஆனாலும், ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிறு கனமாக இறங்குவது போல் இருந்தாலோ அதைச் சகித்துக்கொண்டு ஓட வேண்டாம். “குழந்தை பெத்தா அப்படித்தான்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது அது.

இனி வானம். 2018 ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் மாரத்தான் கொட்டும் மழையிலும் எதிர்காற்றிலும் உறைகிற குளிரில் நடந்தது. தேர்ந்த வீரர்களே பாதியில் விலகினார்கள். ஆறே நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று லண்டன் மாரத்தானில் 24.1 டிகிரி, அந்தப் போட்டி அதுவரை கண்டிராத வெப்பம். வசந்தம் இப்படித்தான்.

முதல் வெப்பநாள்தான் ஆபத்து. கோடை நடுவில் 28 டிகிரியைச் சாதாரணமாகத் தாங்கும் அதே உடம்பு, குளிர்காலத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த நிலையில் தாங்காது. வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அதுவரை கடிகாரத்தில் பேஸை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதைப் பார்க்காமல், பேச்சு வருகிறதா என்று பார்த்து ஓடுங்கள். கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் முழுக்க வியர்வையாக இருந்தாலும் அது வெப்பத்தாக்காக இருக்கலாம், தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீரில் உடம்பை அமிழ்த்துங்கள், முடியாவிட்டால் நிறுத்தாமல் ஊற்றுங்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அப்படி இறங்கியிருந்தது.

குளிரை லேசாக நினைக்காதீர்கள். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தின் நடுவே திடீரென்று ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் வந்து 21 பேர் உயிரிழந்தார்கள். மே மாதம்தானே என்று பலரும் மெல்லிய உடையில் ஓடியிருந்தார்கள். ஊருக்கு வெளியே ஓடப் போகிறவர்கள் காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு போவதில் என்ன கஷ்டம்?

இடி கேட்டால் ஓட்டம் முடிந்தது. மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வரை வெளியே வர வேண்டாம். ஆஸ்துமாவோ மகரந்த ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கு இடிமழை இன்னொரு விதத்திலும் ஆபத்து. 2016 நவம்பர் 21, தென்கோளத்தின் வசந்தம், மெல்போர்னில் இடிமழையோடு சிதறிய புல் மகரந்தத்தால் ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சுத்திணறல் வந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். வசந்தத்தில் தும்மலோடு ஓடுகிறவர்கள் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது என்று கேட்கிறீர்கள். ஓடத் தொடங்கியதும் குறைந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும் லேசான வலியை ஒரு வாரம் கவனித்துப் பார்க்கலாம். ஓட ஓடக் கூடுகிற வலி, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலி, ராத்திரி படுத்திருக்கும்போதும் வருகிற வலி, இவற்றோடு ஒரு அடிகூட ஓடாதீர்கள். எல்லாவற்றையும்விடத் தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால் என்னிடம் நேரம் கேட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டிருந்தால், அது முழுதாக முறிந்து அறுவைசிகிச்சையில் போய் நிற்கலாம்.

மூன்று வாரத்துக்கு மேல் பயிற்சி விட்டுப்போய், போட்டிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், போட்டி நடத்துபவர்களிடம் பாதித் தூரத்துக்கு மாற்ற முடியுமா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் முடியும், ஆனால் அதற்குக் கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதியை இன்றைக்கே பார்த்து வையுங்கள்.