புள்ளி இல்லாத இடத்தில் வெள்ளம் இல்லையா?

போன வாரமும் அதே கதைதான். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மழை கொட்டிய மறுநாள் ஓர் உதவி அமைப்பின் அலுவலகத்தில் எல்லோரும் திரையில் வெள்ள வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாட்ஸ்வொர்த் குடியிருப்புப் பக்கம் சிவப்புப் புள்ளிகள் மொய்த்தன. ஆற்றோரத் தகரக் குடிசைகள் இருக்கும் இடம் வெறிச்சென்று இருந்தது. "அங்கே ஒன்றும் இல்லை போல" என்று லாரியைத் திருப்பிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் புள்ளி வெள்ளம் இல்லை ஐயா, வெள்ளம் என்று யாரோ அனுப்பிய செய்தி. அனுப்ப போனில் சார்ஜ் வேண்டும், டேட்டா வேண்டும், டவர் வேலை செய்ய வேண்டும். இதெல்லாம் இருக்கும் தெருவில் ஒரே ஒழுகல் கூரையைப் பத்துப் பேர் படம் எடுத்து அனுப்புவார்கள், பத்துப் புள்ளி. இல்லாத இடத்தில் வீடே அடித்துக்கொண்டு போனாலும் திரை அசையாது. 400க்கும் மேற்பட்டோர் இறந்த 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நூற்றுக்கணக்கான டவர்கள் படுத்துவிட்டன. அடி பலமாக விழுந்த இடம்தான் வாய் மூடிப்போகிறது. இதை எத்தனை கூட்டத்தில் சொல்வது?

எதிர்ப்பக்கமும் உண்டு: இருப்பதைவிட அதிகமாகவும் திரை காட்டும். தேடல்களை வைத்துக் ஃப்ளூ காய்ச்சலைக் கணித்த கூகுள், 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது.

டிஜிட்டலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சோறே அதில்தான். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிம் கார்டுகள் நகர்ந்ததை வைத்தே தலைநகரை விட்டு மக்கள் எங்கே போனார்கள் என்று கண்டார்கள். இங்கே பால்மியட் ஆற்றோரக் குவாரி ரோடு குடிசைகளுக்கு வெள்ள எச்சரிக்கை வாட்ஸ்அப்பில்தான் போகிறது. அங்கே மறுமுனையில் ஆள் இருக்கிறார், கதவைத் தட்டுவார்.

ஆகவே, வெறுமையாகத் தெரியும் இடத்துக்குத்தான் முதலில் ஆள் அனுப்புங்கள். அங்கே கடை வைத்திருக்கும் ஆன்ட்டியின் நம்பரை வெயில் காலத்திலேயே வாங்கி வையுங்கள். புள்ளிகளை எண்ணாதீர்கள், அந்த இடத்தில் எத்தனை போன்கள் வேலை செய்கின்றன என்று கேளுங்கள்.

இன்னொன்று. நிவாரணப் பட்டியலை ஐடி நம்பரோடு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்களே! அந்த 13 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி என்பது எந்தத் திருடனுக்கும் தெரியும். தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுதாக நடப்பில் இருக்கிறது. போன வாரப் பட்டியலை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். குழுவில் இருக்கும் மற்றவர்களும் தயவுசெய்து இன்றைக்கே அழித்துவிடுங்கள்.