ஹெவி மெட்டல், தமிழில் வல்லிசை: ஒரு சொல் விளக்கம்

ஹெவி மெட்டல்: பெயர்ச்சொல். ராக் இசையின் ஒரு கிளை. 1960களின் கடைசியில் புளூஸ் ராக்கிலிருந்து பிரிந்து வளர்ந்தது. கரகரப்பேற்றிய மின்கிதார், கீழ்ச்சுருதியில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப் என்ற சிறு இசைத்துணுக்கு, ஓங்கி அடிக்கும் டிரம்ஸ், உச்சத்தில் கதறும் அல்லது அடித்தொண்டையில் உறுமும் குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். தமிழில் 'கன உலோக இசை' என்று எழுதுகிறார்கள். நான் பரிந்துரைப்பது 'வல்லிசை'.

இந்தத் தொடர் இசைக்கு வருமுன்பே ஆங்கிலத்தில் வேறு வேலைகள் பார்த்திருக்கிறது. பெரிய பீரங்கிகளுக்கு ஒருகாலத்தில் ஹெவி மெட்டல் என்று பெயர். அதிலிருந்து, எதிர்த்து நிற்க முடியாத ஆளையும் அப்படிக் குறித்தார்கள். வேதியியலில், 1817இல் ஜெர்மானிய அறிஞர் லியோபோல்ட் க்மெலின் உலோகங்களை அடர்த்தியை வைத்து இலேசானவை, கனமானவை என்று இரண்டாகப் பிரித்தார். ஈயமும் பாதரசமும் கலந்த ஆற்றுநீரைப் பற்றி நம் நாளிதழ்கள் 'கன உலோகங்கள்' என்று எழுதுவது அந்த வழியில் வந்தது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸ் தன் நாவல் பாத்திரம் ஒன்றுக்கு 'ஹெவி மெட்டல் கிட்' என்று பெயரிட்டார். 1968இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் 'பார்ன் டு பி வைல்ட்' பாட்டில், நெடுஞ்சாலையில் பாயும் வண்டியின் முழக்கத்தைச் சொல்ல இதே தொடர் வந்தது. பாட்டை எழுதியவர் மார்ஸ் பான்ஃபயர். ஆனால் அங்கே அது ஓர் இசைவகையின் பெயர் கிடையாது. பெயராக அதை ஆக்கியவர்கள் இசை விமர்சகர்கள். 1970இலும் 1971இலும் மைக் சாண்டர்ஸ் 'ரோலிங் ஸ்டோன்', 'கிரீம்' இதழ்களில் எழுதிய மதிப்புரைகளில்தான் இது இசையைக் குறித்து நிலைபெறத் தொடங்கியது. அதிலும் முதல் முறை வந்தபோது அது வசை. மட்டமான, காதைப் புண்ணாக்கும் இசை என்ற பொருளில்தான் எழுதினார். வசையாக வந்த பெயரை ரசிகர்கள் எடுத்துப் பட்டமாகச் சூடிக்கொண்டார்கள்.

இரண்டு சொல்லில் எது தலைமையான சொல்? பெரும்பாலோர் 'மெட்டல்' என்றே நினைக்கிறார்கள். பேச்சிலும் மெட்டல் என்று சுருக்குகிறோம். என் கணிப்பில் 'ஹெவி'தான் உயிர்ச்சொல். 1960களின் அமெரிக்க இளைஞர் பேச்சில் 'ஹெவி' என்றால் மனதை அழுத்துகிற, ஆழமான ஒன்று. 'கனமான கதை' என்றும் 'மனசு கனத்துப் போச்சு' என்றும் நாம் சொல்வதற்கு அது வெகு அருகில் இருக்கிறது. சத்தம் கூடுவதால் மட்டும் பாட்டு கனத்துவிடாது. ஒலிபெருக்கியின் குமிழைத் திருப்பினால் சத்தம் கிடைக்கும். கனத்தை இசைக்குள்ளேதான் உண்டாக்க வேண்டும்.

அந்தக் கனம் உண்டான ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். அங்கே உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற இடக்கைக் கிதார்காரருக்கு, வேலையின் கடைசி நாளில் வலக்கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் இயந்திரத்தில் துண்டாயின. சுருதியிடங்களை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் உறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி, மறுபடி வாசித்தார். பின்னர் தந்திகளை இன்னும் தளர்த்தி, சுருதியையே கீழே இறக்கினார். 1970 பிப்ரவரியில் வந்த, அவருடைய பிளாக் சாபத் குழுவின் முதல் பாடல்தொகுப்பையும், சுருதி ஒன்றரை முழுச்சுரம் இறங்கிய பாடல்கள் கொண்ட 1971ஆம் ஆண்டுத் தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால், சுருதி இறக்கம் என்ன செய்கிறது என்று காது தானே கண்டுகொள்ளும்.

இன்னொரு கூறும் உண்டு. மெட்டல் கிதார் பெரும்பாலும் வாசிப்பது ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே. பழந்தமிழ்ப் பெயரில் குரலும் இளியும். நடுவே வரவேண்டிய காந்தாரத்தை விட்டுவிடுகிறார்கள். காந்தாரம் இல்லாததால் மலர்ச்சியா சோகமா என்று காதால் தீர்மானிக்க முடிவதில்லை. அதற்கு மேல் ஒரு விந்தையும் நடக்கிறது. ஷட்ஜமும் பஞ்சமமும் 2:3 என்ற விகிதத்தில் அதிர்பவை. கரகரப்பேற்றும் மின்சுற்றில் இரண்டும் கலக்கும்போது அவற்றின் வேறுபாடான 1 என்ற அதிர்வும் பிறக்கிறது. அது ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஒலி. வாசித்த இரண்டு சுரங்களையும்விடத் தாழ்ந்த மூன்றாவது ஒன்று, யாரும் மீட்டாமலே கேட்கிறது. 'ஹெவி' என்ற சொல்லுக்கு இயற்பியல் தரும் பொருள் இதுதான்.

1990களின் முதற்பாதியில் இந்த ஒரு சொல் பல பொருளாக வெடித்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் போட்டி வேகத்தில் இருந்தது. அதிவேகமாக வாசிக்கும் த்ராஷ் மெட்டல் குழுக்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. 1990இல் மெகாடெத்தின் 'ரஸ்ட் இன் பீஸ்', ஸ்லேயரின் 'சீசன்ஸ் இன் தி அபிஸ்' இரண்டும் அந்த ஓட்டத்தின் முதிர்ந்த கனிகள். பிறகு வேகம் அல்லாத வழிகளில் கனத்தைத் தேடினார்கள்.

மெட்டாலிக்கா 1991 ஆகஸ்டில் குழுவின் பெயரிலேயே, கரிய அட்டையோடு ஒரு தொகுப்பை வெளியிட்டது. மூன்றாண்டு முன் வந்த தொகுப்பில், தாழ்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதார் காதில் விழாத அளவுக்கு அமுங்கியிருந்தது. பாட்டுகள் நீண்டு, மடிப்பு மடிப்பாகச் சிக்கலாக இருந்தன. தயாரிப்பாளர் பாப் ராக் வந்ததும் அடித்தளம் திரும்பியது, பாட்டுகள் சுருங்கின, நடை தளர்ந்தது. 'சேட் பட் ட்ரூ' பாட்டில் சுருதியை ஒரு முழுச்சுரம் இறக்கி, ஒவ்வோர் அடிக்கும் இடம் விட்டு வாசிக்கிறார்கள். அந்த இடைவெளிதான் கனத்தைக் கூட்டுகிறது. பழைய ரசிகர்கள் பலர் இதைச் சரணாகதி என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 'ஹெவி' என்பதன் பொருளை இசை தெரியாதவருக்கும் உணர்த்திய தொகுப்பு அது. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று மாஸ்கோவின் டுஷினோ விமானத் திடலில், சோவியத் ஒன்றியம் கலைவதற்கு மூன்று மாதம் முன்பு, மெட்டாலிக்காவும் ஏசி/டிசியும் பன்டெராவும் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தன.

பன்டெராவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டெக்சாஸின் ஆர்லிங்டன் ஊர்க்காரர்கள். 1980களில் தலைமுடியை ஊதிவிட்டுக்கொண்டு, மினுமினுக்கும் உடையில் கிளாம் மெட்டல் வாசித்தவர்கள், 1990இல் 'கௌபாய்ஸ் ஃப்ரம் ஹெல்' வழியாக முற்றிலும் வேறு குழுவானார்கள். டைம்பேக் டேரலின் கிதாரும் அவருடைய அண்ணன் வின்னி பாலின் டிரம்ஸும் பூட்டுப் போட்டதுபோல் ஒன்றாக நகரும். 1992இல் வந்த அடுத்த தொகுப்பில் இந்த முறை உறுதிப்பட்டது: உள்ளங்கை விளிம்பால் தந்தியை அமுக்கி மீட்டுவது, சட்டென்று நிறுத்துவது, மௌனத்தை விட்டுப் பிறகு விழுவது. குரூவ் மெட்டல் என்ற பெயர் இதற்குத்தான். நியூயார்க்கின் ஹெல்மெட் குழுவும் அதே ஆண்டில் இன்னும் வறண்ட, வெட்டிவெட்டிப் போகும் நடையில் வாசித்தது. பன்டெராவின் 1994ஆம் ஆண்டுத் தொகுப்பு வெளிவந்ததும் அமெரிக்கப் பட்டியலில் நேரே முதலிடம் பிடித்தது. அத்தனை முரட்டு இசைக்கு அது பெரிய காரியம்.

பிரேசிலின் பெலோ ஹொரிசொன்டே நகரத்துச் செபுல்டூரா ('கல்லறை' என்பது அந்தப் போர்த்துகீசியச் சொல்லின் பொருள்) 1993இல் கனத்தைத் தாளத்தில் தேடியது. இகோர் கவலேராவின் டிரம்ஸில் பிரேசிலின் தெருத்தாளங்கள் ஏறின. கயோவா பழங்குடி மக்களின் பெயரில், கரகரப்பே இல்லாத கிதாரும் முழவுகளும் மட்டும் ஒலிக்கும் ஒரு வாத்தியப் பாடலையும் அந்தத் தொகுப்பில் சேர்த்தார்கள். மின்கிதார் இல்லாமலும் கனம் வரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உறுமும் குரலை அடையாளமாகக் கொண்ட டெத் மெட்டலுக்கு அப்போது இரண்டு தலைநகரங்கள். ஃபுளோரிடாவின் டாம்பாவில் மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடம். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் சன்லைட் கூடம். டாம்பாவில் பதிவான டெத் குழுவின் 1991 தொகுப்பில் சக் ஷுல்டினர் உறுமல் குரலை விடாமலே மனித மனத்தைப் பற்றி எழுதினார்; இசை ஜாஸ் கலைஞர்களும் திரும்பிப் பார்க்கும் நுணுக்கத்தை எட்டியது. ஸ்டாக்ஹோமில் என்டூம்ட் குழுவின் இளைஞர்கள் ஜப்பானின் பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 என்ற சிறு மிதிபெட்டியை வாங்கி, அதன் எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருப்பி வைத்தார்கள். ரம்பம் மரத்தை அறுப்பதுபோல் ஒலித்த அந்தக் கிதார் 1990 முதல் ஸ்வீடன் மெட்டலின் முத்திரையாயிற்று. எச்எம் என்பது ஹெவி மெட்டலின் முதலெழுத்துகளே. தயாரித்தவர்கள் எண்ணிய ஹெவி மெட்டல் வேறு. அந்த இளைஞர்கள் பிழிந்தெடுத்தது வேறு.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த பாரடைஸ் லாஸ்ட் 1991இல் நடையை மந்தமாக்கி, துயரத்தைக் கனமாக்கியது. சியாட்டிலின் ஆலிஸ் இன் செயின்ஸ், சவுண்ட்கார்டன் இரண்டையும் கிரன்ஞ் என்ற ராக் கிளையில் வகைப்படுத்தினாலும் அவற்றின் ரிஃப்களில் பிளாக் சாபத் நன்றாகவே கேட்கிறது. கிரன்ஞ் வந்து மெட்டலைக் கொன்றது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. போனது முடியை ஊதிய கிளாம் மெட்டல். கனம் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவே.

நார்வேயின் பிளாக் மெட்டல் இந்த வரிசையில் பொருந்தாதது. பெயர் நியூகாசிலின் வெனம் குழு 1982இல் தன் தொகுப்புக்கு வைத்தது. 1992 வாக்கில் டார்க்த்ரோன் முதலிய குழுக்கள் வேண்டுமென்றே மெலிந்த, அடியில்லாத, பனிக்காற்றுப் போன்ற கிதார் ஒலியைத் தேர்ந்தெடுத்தன. மெட்டலின் பிள்ளை, ஆனால் கனத்தை மறுத்த பிள்ளை. அதே வட்டத்தில் தேவாலயங்கள் எரிக்கப்பட்டதும், 1993இல் மேஹெம் குழுவின் கிதார்காரர் கொல்லப்பட்டதும் குற்றங்கள். இசையின் பெருமையில் அவற்றைச் சேர்ப்பது பிழை.

தமிழோடு தொட்டுக்கொள்ளும் ஒரு குழுவும் இதே காலத்தில் பிறந்தது. சிங்கப்பூரில் இந்திய வம்சாவளி இளைஞர்கள் 1992இல் தொடங்கிய ருத்ரா, டெத் மெட்டலில் வேதாந்தக் கருத்துகளையும் சம்ஸ்கிருத சுலோகங்களையும் கொண்டுவந்தது. தங்கள் இசையை அவர்கள் 'வேதிக் மெட்டல்' என்கிறார்கள்.

இனி, தமிழ்ச்சொல். 'கன உலோக இசை' என்பதில் எனக்கு இரண்டு தடைகள். 'கன உலோகம்' தமிழில் ஏற்கெனவே வேதியியலின் சொத்து. 'உலோக இசை' என்றாலோ, தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று வாத்தியங்களைப் பகுத்த மரபில் வந்தவருக்குத் தாளமும் சேகண்டியும்தான் தோன்றும். கஞ்சம் என்றால் வெண்கலம். உலோகத்தை மட்டும் நீக்கிக் 'கன இசை' என்று வைக்கலாமா? நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்தையும் கர்நாடக இசையில் கனராகங்கள் என்கிறோம். அங்கே குழப்பம் வரும். தனித்தமிழ் நோக்கில் 'மாழை' என்றும், இரும்பைக் குறிக்கும் 'கரும்பொன்' என்றும் அழகான சொற்கள் உண்டு. ஆனால் இந்த இசைக்கு உலோகம் வெறும் உவமை. அதைப் பெயர்த்துக்கொண்டு வருவதில் பயனில்லை.

வல்லிசை என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. செய்யுளியல் வண்ணங்கள் என்ற இருபது சந்த வகைகளைச் சொல்லும்போது, வல்லெழுத்து மிகுவதை வல்லிசை வண்ணம் என்றும், மெல்லெழுத்து மிகுவதை மெல்லிசை வண்ணம் என்றும் பெயரிடுகிறது. இதில் மெல்லிசையை நாம் திரைப்பாட்டுக்கும் மேடைக்குழுவுக்கும் எடுத்துப் புழக்கத்தில் விட்டுவிட்டோம். இணைச்சொல் மட்டும் இலக்கண நூலுக்குள் காத்திருக்கிறது. மெல்லிசைக்குழு என்று சொல்லிப் பழகிய நாவுக்கு வல்லிசைக்குழு தடுக்காது. வலிமை என்ற பொருள் 'ஹெவி'யின் அழுத்தத்தையும் தாங்குகிறது.

உட்பிரிவுகளுக்கும் அதே வண்ணப் பட்டியலில் இடம் உண்டு. அறுத்தறுத்து ஒழுகுவது அகைப்பு வண்ணம் என்கிறது நூல். பன்டெராவும் ஹெல்மெட்டும் வாசித்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் ஆங்கிலத்தில்கூட நான் படித்ததில்லை. எனவே குரூவ் மெட்டல், அகைப்பு வல்லிசை. அடியின் எல்லை தாண்டி ஓடுவது முடுகு வண்ணம். திருப்புகழ் பாடுவோருக்கும் முடுகு தெரியும். த்ராஷுக்கு முடுகு வல்லிசை. மந்தமான டூம் மெட்டலுக்குத் தூங்கல் வல்லிசை. இங்கே தூங்கல் என்பது உறக்கத்தைக் குறிக்காது, அசைந்து தொங்கி நகரும் நடையைக் குறிக்கும். டெத் மெட்டலை அதன் குரலை வைத்து உறுமல் வல்லிசை என்னலாம். பிளாக் மெட்டலுக்கு நான் சொல் பரிந்துரைக்கவில்லை. கனத்தை மறுத்த இசைக்கு வல்லிசை என்ற பெயர் ஒட்டாது. அதை அப்படியே பிளாக் மெட்டல் என்று எழுதுவது நேர்மை. ரிஃப் என்பதையும் விட்டுவிடலாம், அது வாசிப்பவர் வாயில் ஊறிய சொல்.

எழுத்தில்: வல்லிசை, வல்லிசைக்குழு, வல்லிசைக் கிதார், ஒற்று மிகும். கட்டுரையில் முதல்முறை வரும்போது 'ஹெவி மெட்டல் எனப்படும் வல்லிசை' என்று அறிமுகம் செய்துவிட்டு, பிறகு தனியே எழுதலாம். உரையாடலில் ரசிகர்கள் மெட்டல் என்றே சொல்லட்டும்.