காப்புக்கரை: ‘ரிசாப் பந்தாய்’ என்பதற்குத் தமிழ்

மலேசியாவின் கடலோர ஊரான போர்ட்டிக்சன் வட்டாரத்தில் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘ரிசாப்’, அதாவது அரசு ஒதுக்கி வைத்த நிலம், என்ற சொல் வராமல் இருக்காது. ஆற்றோரம் கத்தரி போட்டவர், தண்டவாளத்தோரம் மாடு கட்டியவர், சடக்கோரம் கோயில் எழுப்பியவர் எல்லாருக்கும் அது தெரியும். “அது ரிசாப் நிலம்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதோடு பேச்சு நின்றுவிடும். கடலோரத்தில் இருக்கும் ரிசாபுக்கு மலாய் மொழியில் ‘ரிசாப் பந்தாய்’ என்று பெயர். பந்தாய் என்றால் கடற்கரை. இதைத் தமிழில் எழுதும்போது சிலர் ‘அரசு நிலம்’ என்கிறார்கள், சிலர் ‘காலி நிலம்’ என்கிறார்கள். ‘காலி நிலம்’ என்று எழுதுவது கேடு விளைவிக்கும். காலியாக இருப்பதை யாராவது நிரப்பத்தானே வேண்டும் என்ற எண்ணத்தை அந்தப் பெயரே கொடுத்துவிடுகிறது. அந்த இடம் காலியாக இல்லை. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுப்பவரும், அஸ்தி கரைக்க வரும் குடும்பமும், தூண்டில் போடுபவரும், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வரும் தோட்டத்துக் குடும்பமும் அதில் நிற்கிறார்கள்.

பொருளை முதலில் பார்ப்போம். மாநில அரசு தன் கையிலுள்ள நிலத்தை ஒரு பொதுக்காரியத்துக்கென்று அரசிதழில் அறிவித்து ஒதுக்கி வைக்கலாம். தேசிய நிலச் சட்டக் கோவை 1965இன் 62ஆம் பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. எந்த நிலம், என்ன காரியத்துக்கு, எந்த அதிகாரியின் பொறுப்பில் என்பதெல்லாம் அந்த அறிவிப்பில் இருக்கும். கடலோரமாக இப்படி ஒதுக்கப்படும் பட்டைதான் ரிசாப் பந்தாய். திட்ட வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டியிருப்பதும் அரசிதழில் அறிவித்திருப்பதும் வேறு வேறு. பச்சை வண்ணம் ஒரு நோக்கத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். சட்டத்தில் அந்தக் கரையை நிறுத்துவது அரசிதழ் அறிவிப்பு.

சொல்லின் வழியைப் பின்தொடர்ந்து போனால் லத்தீன் வரை போகலாம். அங்கே ‘செர்வாரே’ என்றால் காத்தல், பேணி வைத்தல். ‘ரே’ என்ற முன்னொட்டு சேர்ந்து, பின்னொரு தேவைக்காகக் காத்து வைத்தல் என்று பொருள் ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ரிசர்வ்’ ஆனது. மலாயாவில் நில அளவை நடத்திய ஆங்கிலேய அதிகாரிகளின் கோப்புகளிலிருந்து அது மலாய் மொழிக்குள் ‘ரிசாப்’ என்று நுழைந்தது.

தோட்டத்துத் தமிழர் காதில் இந்தச் சொல்லுக்கு வேறொரு கனமும் உண்டு. 1913இல் வந்த மலாய் ஒதுக்கு நிலச் சட்டத்துக்குப் பிறகு, ‘ரிசாப் மெலாயு’ என்றால் மலாய்க்காரர்களுக்கென்று வரையறுக்கப்பட்ட நிலம், பிறர் வாங்க முடியாதது. அது ஒரு தனி ஏற்பாடு, அதற்குத் தனி வரலாறு இருக்கிறது. ஆனால் சொல் ஒன்றாக இருப்பதால் நம் முதியவர்கள் பலர் எந்த ரிசாபையும் ‘நமக்கில்லாத நிலம்’ என்றே எடுத்துக்கொண்டார்கள். கடற்கரை ரிசாப் நேர்மாறானது. எல்லாருக்கும் உரியது என்பதால்தான் அதை ஒருவருக்கும் எழுதிக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். இந்தக் குழப்பம் ஒன்றே போதும், நமக்கொரு தெளிவான தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்கு.

என்ன சொல்? முதலில் மனத்தில் எழுவது ‘புறம்போக்கு’. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் அது மதிப்பான சொல். புறம் என்றால் வெளி, போக்கு என்றால் போதல்; தீர்வைக் கணக்குக்கு வெளியே போன நிலம், பொதுப் பயனுக்கு விடப்பட்டது. மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, சாலைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று ஊரின் பொது வாழ்வு முழுவதும் அதன்மேல்தான் நடந்தது. ஆங்கிலேய அதிகாரிகளே மொழிபெயர்க்காமல் அதை அப்படியே தங்கள் ஆவணங்களில் எடுத்தாண்டார்கள். கடலோரத்துக்குக் ‘கரைப் புறம்போக்கு’ என்றால் பொருள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இன்று அது வசைச்சொல்லாகிவிட்டது. எல்லாருக்கும் பொதுவானது என்பது எதற்கும் உதவாதது என்று தேய்ந்துபோனதை எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இளைய தலைமுறையிடம் இந்தச் சொல்லைக் கொண்டுபோய் ‘இதைக் காப்பாற்றுங்கள்’ என்று சொன்னால் அது எடுபடாது.

அடுத்தது ‘ஒதுக்கு நிலம்’. இலக்கணப்படி பிழையில்லை, பலரும் ஆள்கிறார்கள். கடலுக்கும் இந்த வினைக்கும் பழைய உறவு உண்டு. கட்டையும் வலையும் ‘கரை ஒதுங்கும்’ என்கிறோம். இருந்தாலும் ஒதுக்குதல் என்பதில் விலக்கி வைத்தலின் நிழல் விழுகிறது. ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்தார்கள் என்றால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும்.

மூன்றாவது ‘காப்பு’. தமிழ்நாட்டு வனத்துறை அறிவிப்புப் பலகைகளில் ‘காப்புக்காடு’ என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் ரிசர்வ் என்று வரும் அதே காடுதான். மலாய் மொழியும் காட்டுக்கு ரிசாப் என்று சொல்லாமல் ‘ஹூத்தான் சிம்பான்’ என்கிறது. சிம்பான் என்றால் பத்திரமாக வைத்துக்கொள்ளுதல். போர்ட்டிக்சன் கரையோரமாகவே போய்த் தஞ்சோங் துவானுக்கு ஏறினால், மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான அந்த முனைக்காடு ஒரு ஹூத்தான் சிம்பான்தான். காடு காப்புக்காடானால் கரை காப்புக்கரை. லத்தீன் வேரின் பொருளும் அதுதான், மலாய் மொழியின் போக்கும் அதுதான், தமிழுக்கும் அது புதிதில்லை. நான் ‘காப்புக்கரை’ என்றே எழுதுகிறேன். சட்ட ஆவணத்தோடு ஒப்பிட வேண்டிய இடத்தில் முதல்முறை மட்டும் ரிசாப் பந்தாய் என்பதையும் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது.

காப்புக்கரையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னும் இரண்டு உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது.

ஒன்று, அலை ஏறி இறங்கும் ஈரக்கரை. நிலச் சட்டம் இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிகவும் பெருகி மிகவும் வற்றும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் வழக்கமாக நீர் ஏறும் கோட்டுக்கும், வற்றி இறங்கும் கோட்டுக்கும் இடையிலான நிலம் அது. நீர் ஏறும் மேல்கோடுதான் சட்டத்தில் கரைக்கோடு. இந்த ஈரக்கரையைத் தனியாருக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் காலவரையறையோடு குத்தகைப் பட்டாவாகத்தான். இதற்குத் தமிழில் ‘அலைவாய்’ என்ற அழகான சொல் காத்திருக்கிறது. திருச்செந்தூரின் பழம்பெயர் திருச்சீரலைவாய். அலை வந்து தொடும் இடம் அலைவாய், அந்த நிலம் அலைவாய்க்கரை.

மற்றொன்று, கட்டடம் கடலிலிருந்து விலகி நிற்க வேண்டிய தூரம். வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் 1997ஆம் ஆண்டு வழிகாட்டி, மணற்கரையில் கரைக்கோட்டிலிருந்து 60 மீட்டர் விட்டுக் கட்டச் சொல்கிறது. சேற்றுக்கரை என்றால் கண்டல்காட்டின் கடல்பக்க விளிம்பிலிருந்து 400 மீட்டர். தெலுக் கெமாங் மணலுக்கு ஒரு கணக்கு, லுக்குட் ஆற்று முகத்தின் சேற்றுக்கு வேறு கணக்கு. காரணம் எளிது. மணற்கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு பருவத்தில் தேயும், மறு பருவத்தில் சேரும். அந்த அசைவுக்கு இடம் விடாமல் சுவரைக் கட்டினால், அலை சுவரில் மோதித் திரும்பும்போது காலடி மணலை வாரிக்கொண்டு போகிறது. கட்டடம் தப்பினாலும் கரை போய்விடும். இதை ‘விலகு தூரம்’ என்று சொல்லலாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், விலகு தூரம் தனியார் மனைக்குள்ளேயே விழலாம். ஓர் ஓட்டல் 60 மீட்டர் விட்டுக் கட்டியிருந்தாலும் அந்த 60 மீட்டரில் வேலி போட்டுத் தென்னை வைத்துத் தன் விருந்தினருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள முடியும். கட்டக் கூடாத நிலம் எல்லாம் நாம் நடக்கக்கூடிய நிலம் ஆகிவிடாது.

கடல் நிலத்தை விழுங்கினால் எல்லையும் நகரும். தனியார் நிலத்துக்குள் கரைக்கோடு ஏறிவிட்டால், நீர் கொண்ட பகுதி பட்டாவிலிருந்து கழன்று அரசு நிலமாகிவிடும் என்று நிலச் சட்டக் கோவையின் 49ஆம் பிரிவு சொல்கிறது. கடல் பின்வாங்கினால் புதிதாகத் தோன்றும் மணல் பக்கத்து மனைக்காரருக்குச் சேராது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காப்புக்கரை அரசிதழில் இருக்கிறது, அலைவாய் அரசிடம் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அங்கே போய்ச் சேர்வது எப்படி?

தஞ்சோங் கெமோக்கிலிருந்து தஞ்சோங் துவான் வரை இந்தக் கரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீள்கிறது. நாலாம் கட்டை, ஏழாம் கட்டை என்று மைல்கல்லை வைத்தே நம்மவர்கள் கரைக்குப் பெயர் சொல்வார்கள். பெரிய சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது சில இடங்களில் மிகக் குறுகிய நிலம். அதுதான் விலை மிகுந்த நிலமும். உள்பக்கம் லிங்கி வரையிலும் சிலியாவ் வரையிலும் ரப்பரும் செம்பனையும். தோட்டம் முழுதாக இருந்த காலத்தில் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, புறப்பட்டவர்கள் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தே கடலுக்குப் போனார்கள். தோட்டத் துரையும் கிராணியும் (எழுத்தரும்) தடுக்கவில்லை. அந்தத் தடம் எந்த வரைபடத்திலும் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு மனைகளான அன்றே தடமும் மறைந்தது.

‘நாங்கள் காலங்காலமாக நடந்த வழி’ என்று முதியவர்கள் வாதாடுவதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அந்த வாதம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’ என்ற தொடர் வரும். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தின் வழியே தடையின்றி, உரிமையாக எண்ணி 20 ஆண்டு நடந்தால் அந்த வழி உரிமையாக முதிரும். நம் பாட்டன்மார் கப்பலேறியபோது இந்த எண்ணத்தையும் கொண்டுவந்திருக்க வேண்டும். மலேசியச் சட்டம் இதை ஏற்பதில்லை. நிலச் சட்டக் கோவையின் 284ஆம் பிரிவுப்படி, இத்தகைய உரிமை நில உரிமையாளர் வெளிப்படையாக எழுதிக் கொடுத்தால்தான் பிறக்கும். எத்தனை காலம் நடந்தோம் என்பது கணக்கில் வராது. தோட்டத்துத் தடத்தில் நமக்கு இருந்தது அனுமதி மட்டுமே. இதைத் தெரிந்துகொள்ளாமல் மனுக்கொடுத்துத் தோற்றவர்களை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

ஆனால் அதே சட்டம் வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதில் ‘பொது முனையம்’ என்று ஒரு சொல் வருகிறது. பொதுச் சாலை, ரயில் நிலையம், ஆறு ஆகியவற்றோடு அலைவாய்க்கரையையும் அந்தப் பெயரில் சேர்த்திருக்கிறார்கள். மக்கள் போய்ச் சேர வேண்டிய இடம் என்ற வகையில் கடலோரமும் ரயில் நிலையமும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. சிரம்பானிலிருந்து 1891இல் ரயில் வந்து கடலோரத்தில் நின்ற ஊரில் வாழ்பவனுக்கு இது எவ்வளவு பொருத்தமாகத் தோன்றுகிறது! பொது முனையத்துக்கு வழி வேண்டும் என்றால், மாவட்ட நில நிர்வாகி விசாரணை நடத்தித் தனியார் நிலத்தின் குறுக்கே பொதுமக்களுக்கான வழிநடை உரிமையை ஏற்படுத்தலாம். மலாய் மொழியில் அது ‘ஹாக் லாலு-லாலாங்’. தமிழில் ‘வழிநடை உரிமை’ என்பதே போதும். கடலுக்குப் போகும் வழியைக் குறிப்பாகச் சொல்ல ‘கரைவழி’ என்று எழுதலாம்.

கட்டி முடித்த இடத்தில் வழி கேட்பது எல்லாருக்கும் கடினம். இழப்பீடு, வழக்கு, மனக்கசப்பு என்று நீளும். மனை பிரிக்கும் முன்பே கேட்பதுதான் முறை. தோட்ட நிலம் கைமாறும்போது அதற்கு ஒரு தடுப்பு உண்டு. துண்டாடல், அதாவது பெரிய தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்பது, என்ற சொல்லை நம் சமூகம் மறக்காது. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்றபோதுதான் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளரே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கவென்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த அனுபவத்துக்குப் பின் நிலச் சட்டக் கோவையில் 214ஏ பிரிவு வந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கடுத்து விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும் விண்ணப்பம், மனைப் பிரிவு, நகராண்மைக் கழகத்தின் திட்ட அனுமதி. இந்த ஒவ்வொரு படியிலும் சாலைக்கும் திடலுக்கும் நிலம் விடும்படி நிபந்தனை வைக்கிறார்கள். கரைவழியையும் அதே நிபந்தனையில் சேர்க்கலாம். மேம்பாட்டாளருக்கு அப்போது அது ஒரு மனையின் அகலம்தான்.

வீடும் ஓட்டலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு வீடு வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கரையோர ஓட்டல்கள்தாம் முதல் சம்பளம் கொடுத்தன. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்கிறார்கள். அந்த அறைக்குள் நாம் போக வேண்டும். கோயில் நிர்வாகமும் பெற்றோர் சங்கமும் போய், கரைவழி எங்கே என்று வரைபடத்தில் விரல் வைத்துக் கேட்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் பதில் வரும்.

மனு எழுதுவோருக்காக இந்தச் சொற்களை ஆளும் சில மாதிரி வாக்கியங்கள்:

“எங்கள் பகுதியின் காப்புக்கரை (ரிசாப் பந்தாய்) அரசிதழில் அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.”

“விலகு தூரத்துக்குள் போடப்படும் வேலி, அலைவாய்க்கரைக்குச் செல்லும் வழியை அடைக்காதிருக்க வேண்டும்.”

“மனைப் பிரிவு வரைபடத்தில் பெரிய சாலையிலிருந்து அலைவாய்க்கரை வரை ஒரு கரைவழி காட்டப்பட வேண்டும், அதன் அகலம், முதியோரும் சக்கர நாற்காலியும் செல்லும் அளவுக்கு இருக்க வேண்டும், மனைகள் விற்கப்படும் முன் அந்த வழி அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.”