தண்டுவடக் காயத்துக்குப் பின் கால் ஏன் வெட்டி இழுக்கிறது?

தண்டுவடத்தில் பலத்த அடிபட்ட முதல் நாட்களில், காயத்துக்குக் கீழுள்ள தசைகள் தொளதொளவென்று கிடக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே கால்கள் விறைக்கத் தொடங்கும். போர்வை உரசினாலே வெட்டி இழுக்கும். கால் அசைகிறதே என்று வீட்டார் மகிழ்வதுண்டு. ஆனால் இது தானாக வரும் இழுப்பு; நினைத்து அசைக்கும் அசைவு வேறு.

தசைக்குக் கட்டளை அனுப்பும் இயக்க நரம்பணு ஓய்வில் இருக்கும்போது, அதன் உட்புற மின்னழுத்தம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். அது ஓர் எல்லைக்கு மேல் ஏறினால், ஆக்ஸான் என்ற நீண்ட நரம்பிழையின் தொடக்கத்தில் குவிந்திருக்கும் சோடியம் கால்வாய்கள் (சோடியத்தை உள்ளே விடும் வாசல்கள்) திறந்து, ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டில் அடைபடும். பொட்டாசியம் கால்வாய்கள் அழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்கும். பாடநூல் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறது. விஷயம் இதற்குப் பிறகுதான். சோடியம் ஓட்டத்தில் ஒரு சிறு பகுதி அடைபடாமல் நீடிக்கும். நரம்பணுவின் கிளைகளில் உள்ள எல்-வகை கால்சியம் கால்வாய்களும் திறந்தே இருக்கும். அதனால் ஒரு சிறு தூண்டலுக்குக்கூட நரம்பணு சில விநாடிகள் தொடர்ந்து சுடும், அதாவது மின்துடிப்புகளை அனுப்பும். நிற்கவும் உடலைத் தாங்கவும் இது தேவை. இதைக் கூட்டிக் குறைப்பவை மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்புகள் தரும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருட்கள்.

காயம் இவற்றின் வரவை அறுத்துவிடுகிறது. நீடித்த ஓட்டமும் அடங்குகிறது. தொடக்கத் தொய்வுக்கு இது ஒரு காரணம். நாளடைவில் செரட்டோனினை ஏற்றுச் செயல்படும் புரதங்களான ஏற்பிகள் சில, செரட்டோனின் இல்லாமலே இயங்கப் பழகிவிடுகின்றன. ஓட்டம் திரும்புகிறது, அடக்க ஆளில்லை. போதாக்குறைக்கு, குளோரைடை வெளியேற்றும் கே.சி.சி.2 புரதமும் குறைவதை விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. உள்ளே குளோரைடு தேங்கினால், நரம்பணுவை அடக்கும் வேதிப்பொருட்களான காபா, கிளைசின் ஆகியவற்றின் வேலை பலவீனப்படும்.

விறைப்புக்குத் தரும் பேக்லோஃபென் மருந்து முக்கியமாக, தசையிலிருந்து வரும் உணர்வு நரம்பின் முனையில் கால்சியம் கால்வாய்களை அடக்கி, தூண்டலைக் குறைக்கிறது. வழக்கமாக 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை என்று தொடங்கி, 3 நாட்களுக்கு ஒருமுறை வேளைக்கு 5 கூட்டுவார்கள். பொதுவான உச்சவரம்பு நாளுக்கு 80. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவு குறைய வேண்டும். அளவு மிஞ்சினால் தூக்கமும் தளர்ச்சியும் வரும். விறைப்பை ஊன்றுகோலாக்கி எழுந்து நிற்பவர்களுக்கு, அதை முழுக்கப் போக்குவது நிற்பதையே கெடுத்துவிடும்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தவே கூடாது. கடும் விறைப்பு, காய்ச்சல், மனப்பிரமை, வலிப்பு வரை போகலாம். தண்டுவடத்தில் மருந்து செலுத்தும் பம்ப் வைத்தவர்கள் நிரப்பும் தேதியைத் தவறவிடுவது இன்னும் ஆபத்து.

அடங்கியிருந்த இழுப்பு திடீரெனக் கூடினால், மருந்தைக் கூட்டும் முன் தூண்டலைத் தேடுங்கள்: சிறுநீர்த் தொற்று, அடைபட்ட கத்தீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்), மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம். வலி தெரியாவிட்டாலும் அந்தச் செய்தி தண்டுவடத்தை எட்டிவிடும். காலை நீட்டிவிடும்போதும் மெதுவாகவே நீட்டவும். வெடுக்கென இழுத்தால் தசை நீள்வதை உணரும் தசைக்கதிர் நரம்புகள் உடனே சுடும்.

மார்புப் பகுதியின் 6ஆம் தண்டுவடக் கூறிலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்கு, திடீர்த் தலைவலி, முகத்தில் வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் வந்தால் அது அவசரநிலை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கத்தீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.