ஆக்ஸலாட்டல் முட்டையிட்டால்: பொரிக்கவிடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்

கடந்த வாரம் ஒரு குடும்பத்தினர் துணி துவைக்கும் பிளாஸ்டிக் டப் ஒன்றை இருவராகத் தூக்கிக்கொண்டு என் சிகிச்சையகத்துக்கு வந்தார்கள். கலங்கிய நீரில் விரல்கணு நீளமுள்ள ஆக்ஸலாட்டல் (நீரிலேயே வாழும், வாலும் நான்கு கால்களும் உள்ள சலமாண்டர் வகை உயிரி) குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன. பலவற்றுக்கு முன்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த முண்டு மட்டுமே இருந்தது. ஒரு குஞ்சு, தன்னைவிடச் சற்றே சிறியதான இன்னொன்றைத் தலையிலிருந்து பாதிவரை விழுங்கிவிட்டு, மேற்கொண்டு விழுங்கவும் முடியாமல் கக்கவும் முடியாமல் அடியில் கிடந்தது. "முட்டையிலிருந்து ஒண்ணுகூட வீணாகாம காப்பாத்திட்டோம் டாக்டர், இனிமே என்ன கொடுக்கணும்னு சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இத்தகைய டப்புகளைச் சென்னையில் மீண்டும் மீண்டும் பார்க்க நேர்வதால், அவரிடம் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலோ வேறு கடையிலோ குட்டியாக வாங்கும்போது, "இரண்டும் பெண்தான்" என்று சொல்வதை நம்பாதீர்கள். பின்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே, கழிவுத்துளையின் இருபுறமும் புடைத்திருந்தால் அது ஆண்; தட்டையாக இருந்து, உடல் உருண்டு பருத்திருந்தால் அது பெண். இந்த வேறுபாடு உறுதியாகத் தெரிவதற்கு ஓராண்டு, சிலவற்றில் ஒன்றரை ஆண்டுகூட ஆகும். அதுவரை கடைக்காரரும் சரி, நானும் சரி, ஊகிக்கத்தான் முடியும். செவுள் வெளியே தெரிய, வாழ்நாள் முழுவதும் இளரி (லார்வா) உருவிலேயே இருப்பதால் இது இனப்பெருக்கம் செய்யாது என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். உருவம் மட்டும்தான் இளமையில் நின்றுவிடுகிறது. இனப்பெருக்க உறுப்புகள் முழுமையாக முதிர்கின்றன. உடன்பிறப்பு என்பதாலும் அவை விலகியிருப்பதில்லை.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனித்து வருகிறேன். கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது விலங்கு வாடுவதைக் கண்டு பதறி, நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை வாங்கி மாட்டுகிறார்கள். 16 முதல் 18 டிகிரி வரை வைத்திருக்க வேண்டிய உயிரினம் இது என்பதால், அது மிகச் சரியான செயல். ஆனால் வெப்பநிலை திடீரென இறங்குவது ஆக்ஸலாட்டலுக்கு இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. ஆண் தொட்டியின் அடியில் விந்துப் பொதிகளை வைக்க, பெண் அவற்றை எடுத்துக்கொண்டு, ஓரிரு நாளில் செடியிலும் குழாயிலும் கண்ணாடியிலும் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கிவிடும். ஒரு முறைக்கு 300 முதல் 1,000 முட்டைகள் வரை இடக்கூடும். ஆகவே சில்லர் மாட்டும் நாளுக்கு முன்பே ஜோடியைப் பிரித்துவிடுங்கள்.

இனி, என்னை மிகவும் வருத்தும் வாதத்துக்கு வருகிறேன். "இது அழிந்துவரும் இனமாயிற்றே, ஒவ்வொரு குஞ்சையும் காப்பாற்றினால் இனத்துக்கு நல்லதுதானே" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இல்லை, இதனால் இனத்துக்கு எள்ளளவும் நன்மையில்லை. ஆக்ஸலாட்டலின் தாயகம் மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ நீர்நிலைகள். மற்றொரு வாழிடமான சால்கோ ஏரி வற்றடிக்கப்பட்டுவிட்டது. சோச்சிமில்கோவில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 எனக் கணக்கிடப்பட்ட எண்ணிக்கை, 2014 வாக்கில் 36 ஆகச் சரிந்தது. அங்கே அவை குறைந்ததற்குக் காரணம் முட்டைகள் போதாமல் போனதல்ல. நகரக் கழிவுநீர் கலந்ததும், உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்ததும்தான் காரணம். அதனால்தான் மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள விவசாயிகளுடன் சேர்ந்து, அந்நிய மீன்கள் நுழையாதபடி வாய்க்கால்களைத் தடுத்து, நீரைத் தூய்மைப்படுத்திவருகிறார்கள். இடம் திருந்தினால் மட்டுமே இனம் மீளும்.

நம் தொட்டியில் இருப்பது அந்தக் காட்டு ஆக்ஸலாட்டலும் அன்று. 1864-இல் பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 34 விலங்குகளில் ஆறு மட்டும் விலங்கியலாளர் அகஸ்ட் டுமெரிலின் கைக்கு வந்தன. உலகெங்கும் ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே. போதாததற்கு, 1962-இல் அதன் உறவினமான புலிச் சலமாண்டருடன் கலப்புச் செய்துதான், பொன்னிறம் தரும் அல்பினோ (நிறமியின்மை) மரபணு அவற்றுக்குள் கொண்டுவரப்பட்டது. நீங்கள் ஆசையாக வாங்கும் பொன்னிற ஆக்ஸலாட்டலின் உடலில் இன்னொரு இனத்தின் மரபும் ஓடுகிறது. இப்படி நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகிய ஒன்றை, பெற்றோர் யாரென்றே தெரியாமல் மேலும் பெருக்கும்போது கிடைப்பது குறைபாடுள்ள குஞ்சுகள்தாம். விரல்கள் குட்டையாகவும் சிறுநீரகம் பழுதாகவும் பிறந்து இறக்கும் மரபுக் குறைபாடு ஒன்று இந்த இனத்தில் பல்லாண்டுகளாக அறியப்பட்டது. உங்கள் குஞ்சை மெக்சிகோவுக்கு அனுப்பிவைத்தாலும் அதை அந்த வாய்க்காலில் விடக் கூடாது.

ஆகவே முட்டையைக் கண்டதும் செய்ய வேண்டியதைத் தாமதிக்காமல் செய்யுங்கள். செடியிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் அவற்றைச் சுரண்டி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, முதல் இரண்டு நாட்களுக்குள் ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு முழு நாள் கழித்துக் குப்பையில் போடுங்கள். கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். மூலைமுடுக்கில் ஒட்டியிருப்பவை கண்ணில் படாமல் போகும் என்பதால் ஒரு வாரம் வரை தினமும் தேடுங்கள். பாவம் என்று தயங்குகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. அந்த நிலையில் முட்டைக்குள் இருப்பது கருப்புப் புள்ளி போன்ற ஒரு செல்திரள். அதற்கு நரம்பு மண்டலம் உருவாகியிருக்காது, வலி தெரியாது. கால் கடிபட்டு, அம்மோனியா ஏறிய நீரில் மூச்சுக்குத் தவித்துச் சாகும் குஞ்சுக்கு வலி தெரியும். இரண்டில் எது இரக்கம் என்பதைத் தயவுசெய்து யோசியுங்கள்.

இரண்டு மூன்று வாரங்களில் பொரித்துவிட்டால் நிலைமை வேறு. பொரித்த குஞ்சுகளை ஒருபோதும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் மயக்கமருந்து கொண்டு வலியின்றிச் செய்வது கால்நடை மருத்துவரின் வேலை, அழைத்துப் பேசுங்கள். வளர்க்க விரும்பினால், ஏற்றுக்கொள்ள ஆள் உறுதியாக உள்ள நான்கைந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அசையும் இரையை மட்டுமே அவை பிடிக்கும். எனவே தினமும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (நுண்ணிய உப்புநீர் இறால்) வேண்டும், தினமும் நீர் மாற்ற வேண்டும், முன்னங்கால் முளைக்கத் தொடங்கியதும் தனித்தனிக் கிண்ணத்தில் பிரிக்க வேண்டும். தூள் தீனியைத் தூவிவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் ஒன்றையொன்று கடித்திருக்கும்.

ஏரியிலோ குளத்திலோ விடவே விடாதீர்கள். நம் வெயிலில் அவை வெந்து சாகும் என்பது ஒருபுறம். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும் ரானா வைரசும் வளர்ப்பு விலங்குகள் வழியாகப் பரவக்கூடியவை என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

குஞ்சுகள் மீதே எல்லோருடைய கண்ணும் இருக்கும்போது தாயை யாரும் பார்ப்பதில்லை. முட்டையிட்டு முடித்த பெண்ணை ஆண் விடாமல் துரத்தும்; அடுத்த சுற்று முட்டைக்கு உடல் தயாராகாமலேயே அது மறுபடியும் இடும். வயிறு ஒட்டி, செவுள் இழைகள் உதிர்ந்து, வாலில் கடிகாயத்துடன் வரும் பெண் விலங்குகளில் சிலவற்றை என்னால் காப்பாற்ற முடிவதில்லை. முட்டையிட்ட அன்றே ஆணை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நடுவில் வலைத்தடுப்பு வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதைத் தாண்டிக் குதித்த ஆண்கள் உண்டு. கருத்தடை அறுவைசிகிச்சை சாத்தியமே என்றாலும், இரண்டாவது தொட்டி வைக்க இடமிருக்கும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அரசிடம் செய்ய வேண்டிய பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம் என்பதால், 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ஆம் ஆண்டின் விதிகளும் ஆக்ஸலாட்டலுக்குப் பொருந்தும். வைத்திருப்பதையும், குஞ்சு பொரிப்பதையும், பிறருக்குக் கொடுப்பதையும் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஜாம் பாட்டிலில் இரண்டு கொடுத்தேன் என்பதும் இதில் அடங்கும். உங்களிடம் இருப்பவை ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால், அவை ஒரு வயதை நெருங்கும்போது பகலில் தெளிவாக எடுத்த அடிவயிற்றுப் படத்தை, அயல்விலங்குகளைப் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். விடை உறுதியாகும்வரை தனித்தனித் தொட்டியிலேயே வையுங்கள்.