அக்குபங்சர்: அக்கு வேறு, பங்சர் வேறு

சீன வைத்தியம் என்றதும் முதலில் வாயில் வரும் பெயர் அக்குபங்சர். அதில் சீனம் துளியும் இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தால் கிடைப்பது லத்தீன்: 'அக்குஸ்' ஊசி, 'புங்க்தூரா' குத்துதல். சைக்கிள் கடைப் பலகையில் இருக்கும் 'பஞ்சர்' கூட இந்தப் புங்க்தூராவின் வாரிசுதான்.

ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தின் தேஜிமா தீவில் 1674 முதல் 1676 வரை இருந்த டச்சுக் கம்பெனி மருத்துவர் வில்லெம் டென் ரைனே. அங்கே இந்த ஊசி வைத்தியத்தைப் பற்றி அறிந்ததை லத்தீனில் எழுதி 1683இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவில் இந்தப் பெயர் பரவியது அதன் வழியாகத்தான்.

சீனர்கள் சொல்வது 'ஜென்ஜியு'. ஜென் என்றால் ஊசி. ஜியு என்றால் சூடு வைத்தல். அந்த எழுத்தின் அடிப்பாகமே நெருப்பைக் குறிக்கும் எழுத்துதான். மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையைப் பஞ்சுபோல் இடித்து, சுருட்டிக் கொளுத்தி, உடலின் குறிப்பிட்ட புள்ளிக்கு மேலே கங்கு தெரியப் பிடிப்பார்கள். சில வேளை தோலில் குத்தி நிற்கும் ஊசியின் தலையிலேயே அந்தப் பஞ்சைச் செருகிப் பற்றவைப்பதும் உண்டு. சீனாவின் மாவாங்துய் கல்லறையில் (கி.மு. 168) 1973இல் கிடைத்த பட்டுச் சுவடிகள் உடலில் ஓடும் 11 தடங்களைச் சொல்கின்றன. அவற்றுக்கு மருந்தாகச் சொல்வது சூடு மட்டுமே, ஊசி இல்லை. லத்தீன் பெயரோ ஊசியை எடுத்துக்கொண்டு நெருப்பை விட்டுவிட்டது.

ஊசி எங்கே இறங்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது நோயறிதல். அதற்கு நான்கு வழிகள். முதலாவது பார்த்தல்: முகம், நாக்கின் நிறம், அதன் மேல் படிந்த மாவு. இரண்டாவதற்கு 'வென்' என்று பெயர். கேட்பதும் முகர்வதும் சேர்ந்த ஒரே சொல். நமக்கோ 'கேட்டல்' என்பதில் செவிகொடுப்பதும் வினவுவதும் சேர்ந்திருக்கின்றன. அதனால் 'கேட்டல்-முகர்தல்', 'வினவுதல்' என்று பிரித்துச் சொல்லாவிட்டால் இரண்டாவதும் மூன்றாவதும் குழம்பிப்போகும். நான்காவது தொடுதல். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, முதலில் லேசாகவும் பிறகு அழுத்தியும் நாடி பார்ப்பார்கள். இடக்கையில் மூன்று விரலும் இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்று படிக்கும். நம் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைக்கிறார். அவர் தேடுவது வாதம், பித்தம், கபம். தலைவலி என்று இருவர் வந்தாலும் நாடியும் நாக்கும் வேறுபட்டால் இருவருக்கும் புள்ளிகள் வேறு.

தமிழில் 'குத்தூசி மருத்துவம்' என்ற சொல் நிலைத்துவிட்டது. லத்தீனுக்கு அது நேர்ப்பெயர்ப்பு. எனக்கு ஒரு சிறு உறுத்தல்: குத்தூசி என்றால் கூரை வேயும் ஊசிதான் நினைவுக்கு வரும், இதுவோ மயிர்போல மெல்லியது. 'ஊசி மருத்துவம்' என்றாலோ எல்லோரும் இடுப்பைக் காட்டத் தயாராகிவிடுவார்கள். ஆகவே ஊசிக்குக் குத்தூசியே இருக்கட்டும். ஜியுவுக்கு நம்மிடமே பழைய சொல் இருக்கிறது: சுட்டிகை. சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகள் 32இல் அதுவும் ஒன்று. ஜென்ஜியு என்ற முழுப் பெயருக்கு 'குத்தூசி-சுட்டிகை' என்பதே பொருந்தும்.

விரலால் அழுத்துவது அக்குபிரஷர். அதை 'அழுத்த மருத்துவம்' எனலாம். தமிழ்நாட்டில் ஊசியே எடுக்காமல் விரலால் தொட்டு மட்டும் பார்ப்பவர்களும் 'அக்கு ஹீலர்' என்றே பலகை மாட்டுகிறார்கள். அதற்குத் 'தொடு சிகிச்சை' என்ற பெயர் மக்கள் வாயிலேயே இருக்கிறது. அக்கு அதில் எங்கே வந்தது?