டவர் சாய்ந்ததா, டீசல் தீர்ந்ததா?

கஜா புயல் கரையேறிய ராத்திரி, 2018 நவம்பர் 15 விடிந்தால் 16, செல்போன் டவர்களைக் கண்காணிக்கும் கண்ட்ரோல் ரூமில் எனக்கு நைட் ஷிஃப்ட். திரையில் டவருக்கு ஒரு புள்ளி. முதலில் வரிசையாக 'மெயின்ஸ் ஃபெயில்' அலாரம் வந்தது. கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். புயல் நேரத்தில் அது எதிர்பார்த்ததுதான். சில மணி நேரம் கழித்து 'லோ பேட்டரி'. அதற்குப் பிறகு 'சைட் டவுன்', புள்ளி சிவப்பு. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று ஒவ்வொரு பகுதியாகச் சிவந்துகொண்டே வந்தது.

மறுநாள் காலையில் ஊரெல்லாம் ஒரே பேச்சு: "டவரெல்லாம் சாஞ்சு போச்சாம்." சாய்ந்தவை இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஒரு வாரம் நான் நேரில் போய்ப் பார்த்த டவர்களில் பெரும்பாலானவை நேராகத்தான் நின்றன. நின்றபடியே பட்டினியில் செத்தவை அவை.

செல்போன் டவரின் அடியில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் இருப்பது எளிமையான ஏற்பாடு. மின்வாரியக் கரண்ட்டை ரெக்டிஃபையர் 48 வோல்ட் டிசியாக மாற்றுகிறது. கரண்ட் போனால் பேட்டரி ஏற்கும். பேட்டரி இறங்கினால் டிஜி செட், அதாவது டீசல் ஜெனரேட்டர், தானாக ஓட ஆரம்பிக்கும். ஏட்டில் இவ்வளவுதான். நடப்பில் பேட்டரி பழசாகி, எழுதியிருக்கும் நேரத்தில் பாதிகூடத் தாங்காது. சில இடங்களில் பேட்டரியே திருடுபோயிருக்கும். டிஜி ஓடினாலும் டேங்க்கில் எத்தனை லிட்டர் இருக்கிறதோ அத்தனை மணி நேரம்தான். கஜாவில் மின்கம்பங்கள் லட்சத்துக்கு மேல் விழுந்தன. சில கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. எந்த டேங்க் அத்தனை நாள் தாங்கும்?

மூன்றாம் நாள் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சைட்டுக்குப் போனோம். ரோட்டில் ஐம்பது அடிக்கு ஒரு தென்னை குறுக்கே கிடந்தது. ஜீப் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. என்னோடு வந்த டெக்னீஷியன் இறங்கி, "அண்ணே, இதுக்கு மேல வண்டி போவாது. கேனைத் தோள்ல வச்சு நடந்துர்றேன்" என்றார். இருபது லிட்டர் கேன் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டு கிலோமீட்டர் நடை. டிஜி உறுமிய அரை மணி நேரத்தில் ஊர்ச் சனம் சார்ஜரோடு வந்துவிட்டது. ஆனால் போனில் சிக்னல் இல்லை. கரண்ட் வந்துவிட்டது, டவரை வெளியுலகோடு இணைக்கும் ஃபைபர் கேபிள் இல்லை! விழுந்த மரத்தை அகற்ற வந்த ஜேசிபி, வழியில் எங்கள் கேபிளையும் சேர்த்து வாரியிருந்தது. புயல் அறுக்காத ஃபைபரை நிவாரணம் அறுத்த கதை இது. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இப்படி ஒரு கதை உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தில், மாத அளவுக்கு மேல் டீசல் ஊற்ற மெயிலில் அப்ரூவல் வாங்க வேண்டும். மெயில் அனுப்ப நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க் வர டீசல் வேண்டும். கடைசியில் தஞ்சாவூர் வரை ஒரு ஆளை பைக்கில் அனுப்பித்தான் அந்த மெயிலை அனுப்பினோம்.

இதற்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு இருக்கிறது. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பாதித்த பகுதியில் அவசரத் தொடர்பு ஏற்பாட்டை அமைக்க மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 20-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பேரிடர் நேரத்தில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கை அரசு தற்காலிகமாகக் கையில் எடுக்கலாம். மீட்புப் பணியில் இருப்பவர்களின் அழைப்புக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லலாம். 2024 ஜூன் 26 முதல் அந்தப் பிரிவு அமலில் இருக்கிறது. முன்னுரிமை ஏற்பாடு அவசியமான ஒன்று. புயல் முடிந்த காலையில் ஊரே ஒரே டவரில் போன் அடிக்கும்போது தாசில்தார் அழைப்பும் அந்த நெரிசலில்தான் மாட்டுகிறது.

ஆனால் செத்துப்போன நெட்வொர்க்கைக் கையில் எடுத்து என்ன செய்வது? கரண்ட் போன பிறகு ஒரு டவர் இத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தாக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. தொலைத்தொடர்புத் துறை 2020-ல் வெளியிட்ட பேரிடர்கால எஸ்ஓபி, அதாவது யார் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற நடைமுறைக் குறிப்பு, நல்ல ஆவணம்தான். ஆனால் எஸ்ஓபி வேறு, சட்டம் வேறு. டீசலுக்குக் காசு ஒதுக்குகிறவர் எதைப் பார்த்து ஒதுக்குவார் என்பது எனக்குத் தெரியும்.

சேவைத் தரத்துக்கு டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், வைத்த அளவுகோல் இருக்கிறதே என்பீர்கள். டவர்கள் முடங்கிக் கிடக்கும் நேரம் மாதத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பல வருடமாக நாங்கள் மனப்பாடம் செய்த எண். அது ஒரு வட்டாரம் (எங்கள் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாநில அளவு) முழுமைக்குமான சராசரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்தாயிரம் டவர் உள்ள வட்டாரத்தில் இருநூறு டவர் மாதம் பூராவும் இருட்டில் கிடந்தாலும், மற்றவை ஓடினால் சராசரி 2 சதவீதம்தான். வேதாரண்யம் மொத்தமும் அந்த இருநூறுக்குள் அடங்கிவிடும். 2024-ல் வந்த புதிய விதிகள் இதைக் கொஞ்சம் திருத்தின. ஒரு மாவட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு நிவாரணம் தர வேண்டும். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இயற்கைச் சீற்றத்தால் முடங்கினால் அந்த நிவாரணம் கிடையாது. நமக்குப் போன் உயிராகத் தேவைப்படும் நாளில்தான் விதி லீவு எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்காக்காரர்கள் இதே பள்ளத்தில் நமக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறார்கள். 2005-ல் கத்ரீனா புயல் அடித்த பிறகு, செல் டவருக்கு 8 மணி நேரமும் தொலைபேசி நிலையத்துக்கு 24 மணி நேரமும் மாற்று மின்சாரம் கட்டாயம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2007-ல் விதி போட்டது. நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2008-ல் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகமே அந்த விதியை ஏற்கவில்லை. விதி அமலுக்கு வராமலே போனது. 2019 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீக்குப் பயந்து மின்சாரத்தை நிறுத்தியபோது, மரின் மாவட்டத்தின் டவர்களில் பாதிக்கு மேல் செத்தன. அதன் பிறகுதான், 2020-ல், தீ அபாயம் அதிகமுள்ள பகுதிகளில் 72 மணி நேரம் தாங்க வேண்டும் என்று அந்த மாநில ஆணையம் உத்தரவு போட்டது. எல்லா இடத்துக்கும் அல்ல, அபாயப் பகுதிகளுக்கு மட்டும். அதுதான் புத்திசாலித்தனம்.

நம் ஊரிலும் எல்லா டவருக்கும் 72 மணி நேரம் என்று கேட்பது வீண். செலவு கட்டாது, நிறுவனங்களும் கோர்ட்டுக்குப் போகும். கடலோரத் தாலுகாவுக்கு இரண்டு மூன்று டவர் போதும்: ஜிஎச் பக்கம் ஒன்று, தாலுகா ஆபீஸ் பக்கம் ஒன்று, புயல் பாதுகாப்பு மையம் இருக்கும் ஊரில் ஒன்று. அவை மூன்று நாள் தாங்க வேண்டும், ஃபைபர் இரண்டு வழியில் வர வேண்டும், டீசல் வண்டிக்கும் டெக்னீஷியனுக்கும் முன்கூட்டியே பாஸ் இருக்க வேண்டும், ஜேசிபி இறங்கும் முன் கேபிள் பாதையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இவ்வளவையும் விதியாக எழுதலாம். கூடவே எத்தனை டவர் ஓடவில்லை என்பதை மாவட்ட வாரியாகத் தினமும் வெளியிட வேண்டும். 2017-ல் மரியா புயலில் போர்ட்டோ ரிக்கோவின் டவர்களில் 95 சதவீதம் செத்ததை எஃப்சிசி உடனுக்குடன் உலகத்துக்கே சொன்னது. கஜாவின்போது என் திரையில் இருந்த எண் என் திரையிலேயே இருந்துவிட்டது.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். அது செல் பிராட்காஸ்ட் சோதனை, அதாவது டவரிலிருந்து அந்தப் பகுதியின் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முறை. நெரிசலில் மாட்டாத எச்சரிக்கை முறை அது. ஆனால் அதுவும் டவர் உயிரோடு இருந்தால்தான் அலறும்.

ஐசிஆர் என்ற ஏற்பாடும் உண்டு. உங்கள் நிறுவனத்தின் டவர் செத்தாலும் பக்கத்து நிறுவனத்தின் டவரில் பேசலாம். 2019-ல் ஒடிசாவில் ஃபானி புயலின்போதும், 2023-ல் குஜராத்தில் பிபர்ஜாய் புயலின்போதும் இதைத் திறந்துவிட்டார்கள். உத்தரவு வந்தால் போன் செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி, கிடைக்கும் வேறு நெட்வொர்க்கை நீங்களே தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். உத்தரவு இல்லாவிட்டாலும், 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று திரையில் வந்தால் 112 அடித்துப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் டவர் கிடைக்கிறதோ அதன் வழியாகப் போகும். சொந்தக்காரர்களுக்குக் கால் அடித்துக்கொண்டே இருப்பதைவிட ஒரு எஸ்எம்எஸ் போட்டுவிட்டு விடுங்கள். இடம் கிடைக்கும்போது போய்ச் சேரும்.

போன வருடம் மழைக்கு முன்னால் நடந்த ஆலோசனைக் கூட்டம் ஒன்றில் ஓர் அதிகாரி கேட்டார்: "கரண்ட் போனா, இந்தத் தாலுகாவுல கடைசி வரைக்கும் நிக்கிற டவர் எது? அங்க ஒரு ஆளைப் போட்டுக்கிறேன்." நாங்கள் மூன்று நிறுவனங்களிலிருந்து நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "செக் பண்ணிச் சொல்றோம் சார்" என்றேன். மினிட்ஸில் அப்படியே ஏறியது.